எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் நடித்த தொடர்

பல் டாக்டருக்கு ஒரு டோஸ்டர் சிக்கிவிட்டது. அன்று காலையிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல்.

கடையில் வாங்கிய டோஸ்டர் இல்லை. நாங்கள் சிலர் சேர்ந்து பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் வரும் வீட்டுச் சாமான்களைத் தேடிப் பிடிக்கிறோம். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் சாமான் குறைவு, தொடர்கள் அதிகம். ஒரு தொடரில் மாமியார் வீட்டுச் சமையலறையில் நின்ற ஃபிரிட்ஜ் அடுத்த தொடரில் போலீஸ் ஸ்டேஷன் மூலையில் நிற்கும். கதவில் அதே சொட்டை இருக்கும். முதலில் பார்த்தவர் அந்தக் காட்சியைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, எங்கள் போன் குழுவில் போடுவார். மற்றவர்கள் கைதட்டும் பொம்மையை அனுப்புவோம். கைதட்டுகிற யாருக்கும் உள்ளே சந்தோஷம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

டாக்டர் பிடித்தது நல்ல டோஸ்டர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு தொடரில் அது ரொட்டி வாட்டுகிறது. இன்னொன்றில் அதற்கே வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கவிழ்த்து வைத்து, விண்வெளிக் கப்பலின் இயந்திரம் என்று காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். அந்தத் தொடரை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! வேலைக்காலம் முழுவதும் சரக்குக் கப்பல்களில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். ஒயரும் பிளக்கும் எனக்குக் கைவந்த சங்கதி. பல் பிடுங்குகிற மனிதர் வந்து என் மூக்கின் கீழிருந்து ஒரு டோஸ்டரைக் கொத்திக்கொண்டு போவதா?

"வாழ்த்துகள் டாக்டர்" என்று அனுப்பிவிட்டு டீவி முன்னால் உட்கார்ந்தேன். அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

எங்கள் வேலைக்கென்று ஒரு முறை இருக்கிறது. உட்கார்ந்ததும் சத்தத்தை முழுக்க அடைத்துவிட வேண்டும். பேச்சைக் கேட்டால் கண் தானாக நடிகரின் வாய்க்குப் போய்விடும். ஜோக்கைக் கேட்டால் சிரித்துவிடுவோம், சிரிக்கிற நேரத்தில் பின்னால் இருக்கிற கெட்டில் தப்பிவிடும். அதேபோல ஒரே ஒரு தழும்பை நம்பி வட்டம் போட்டுவிடக் கூடாது. தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரம் சாமான் வந்திருக்கும். இரண்டு தழும்பு ஒத்துப்போனால்தான் அது அதே சாமான். இந்த விஷயத்தில் நான் கறார்ப் பேர்வழி.

அன்று போட்டது யாரும் அவ்வளவாகத் துழாவாத ஒரு தொடர். மாடி வீட்டில் ஒரு கணவன், மனைவி, கதவைத் தட்டாமல் உள்ளே வரும் பக்கத்து வீட்டுக்காரர். கணவனுக்குச் சுருட்டை முடி. வேலை முடிந்து வருகிறான், சட்டையின் மேல் பட்டனைக் கழற்றுகிறான், ஸ்டூலின் மேலிருந்த டேபிள் ஃபேனைப் போடுகிறான்.

அந்த ஃபேனின் குமிழ் தந்த நிறத்தில் இருந்தது. ஃபேனோடு வந்த குமிழ் அது இல்லை. உடைந்துபோன கப்பல் ரேடியோவிலிருந்து கழற்றி, உள்ளே காகிதம் சுற்றி, நான் என் கையால் செருகிய குமிழ். படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். கூண்டில் ஒரு கம்பி விட்டுப்போய், அந்த இடத்தில் செம்பு ஒயரைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சைக் கப்பலில் வேலை பார்க்காதவன் போட முடியாது. இரண்டு தழும்பும் ஒத்துப்போயின. என்னுடைய ஃபேன். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்து, கல்யாணமான புதிதில் என் மனைவிக்குக் கொடுத்த ஃபேன்.

அதைக் குழுவில் போட்டிருந்தால் டாக்டரின் டோஸ்டர் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். ஆனால் போன் பக்கம் கை போகவில்லை. அந்தச் சுருட்டைமுடிக்காரன் ஃபேனின் முன்னால் நின்று சட்டையை உதறி உதறிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். என் காசில் வாங்கிய காற்று அது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது நம்ம ஃபேன்தானே?"

நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "ஆமா, நம்மளதுதான். அட, எவ்ளோ பளபளன்னு இருக்கு பாருங்க!"

"இது எப்படி அங்க போச்சு?"

"அப்ப மேல் வீட்ல ஒருத்தர் இருந்தாரே, ஸ்டுடியோல சாமான் பொறுப்பு பாத்துக்கிட்டு. நீங்க லீவுல வர்றப்ப திருப்பித் தர்றேன்னு சொல்லி செட்டுக்குக் கேட்டாரு. குடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே?"

"நீங்க நடுக்கடல்ல இருந்தீங்க. ஒரு ஃபேனுக்காகக் கப்பலுக்குத் தந்தியா அடிக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தலையணை உறையை மடிக்கப் போய்விட்டாள்.

கேட்டாராம், கொடுத்தாளாம். மேல் வீட்டுக்காரனை எனக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது. விடுப்பில் வந்தபோது படிக்கட்டில் பார்த்திருக்கிறேன். நல்ல உயரம். விசில் அடித்துக்கொண்டே இறங்குவான். விசிலடித்துக்கொண்டு படியிறங்குகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

அதற்குப் பிறகு நான் கண்கொத்திப் பாம்பாக அந்தத் தொடர் ஒன்றையே பார்த்தேன். குழுவில் என்ன வருகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் அயர்ன் பாக்ஸ் வந்தது. கைப்பிடியில் நான் சுற்றிய கறுப்பு டேப்போடு சுருட்டைமுடிக்காரனின் சட்டையைத் தேய்த்தது. எங்கள் சுவர்க் கடிகாரம் வந்தது. எங்கள் பச்சை ஃபிளாஸ்க் வந்தது, மூடிக்குப் பதில் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டு. அதிலிருந்து அவன் எதையோ ஊற்றிக் குடித்துவிட்டு, பொண்டாட்டியைப் பார்த்துக் கண்ணடித்தான். கால்மிதிகூட எங்களுடையதுதான் என்று தோன்றியது, ஆனால் கால்மிதியில் இரண்டாவது தழும்பு கிடைக்கவில்லை. நான் எங்கோ ஒரு எஞ்சின் அறையில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தபோது, இங்கே ஒருவன் என் சாமான்களோடு சௌக்கியமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறான். எனக்கு அந்த நடிகன் மேல் பொறாமை, அவனுக்குச் சாமான் கொண்டுபோய்ச் சேர்த்தவன் மேல் அதைவிடப் பொறாமை. போதாக்குறைக்கு ஃபிளாஸ்க் மேலும் கொஞ்சம் கோபம். என்னிடம் அது ஒருநாளும் அவ்வளவு சூடாகப் பானம் கொடுத்ததில்லை.

அப்புறம் விளக்கு வந்தது.

பீங்கான் அடி, மஞ்சள் துணிக்குடை, குடையின் ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டை. அடியில் கீறல். அந்த ஓட்டையைப் போட்டவனே நான்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற விளக்கு அது. படுத்துக்கொண்டே படிப்பேன், கை நீட்டி அணைப்பேன். தொடரிலும் அது படுக்கையறையில்தான், கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். ஆனால் இந்தக் குடை சத்தியமாக மஞ்சள்.

ஃபேன் ஹாலில் இருந்தது. கடிகாரமும் ஹாலில். ஃபிளாஸ்க் சமையலறையில் இருக்கும், வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டு போகலாம். விளக்கை எடுக்க வந்தவன் எதுவரை வந்திருக்க வேண்டும்? கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றானா, அந்தப் பக்கம் நின்றானா? இந்த மாதிரிக் கணக்கு ஆரம்பித்துவிட்டால் என் மூளை நிற்காது. மனைவியைக் கேட்டால், "கேட்டாரு, குடுத்தேன்" என்பாள். அதை இன்னொரு தடவை கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. இத்தனை வருட வாழ்க்கை ஒரு ஃபிரேமில் நின்றுகொண்டிருப்பதுபோல இருந்தது.

அந்தத் தொடருக்குச் சாமான் பொறுப்பு பார்த்த ஆள் இப்போது எங்கே என்று குழுவில் பொதுப்படையாகக் கேட்டேன். டாக்டர் உடனே விலாசம் அனுப்பினார். பழைய சாமான்களைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறாராம், போய்ப் பார்த்தால் நேரம் போவதே தெரியாதாம். கேட்டவுடன் உதவி செய்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது.

கிடங்கு ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. இரும்பு அலமாரிகளில் டெலிபோன்கள், டைப்ரைட்டர்கள், வால்வு ரேடியோக்கள். ஒரு சுவர் முழுக்க ஃபிரிட்ஜுகள் கதவைச் சாத்திக்கொண்டு வரிசையாக நின்றன. வேறு சமயமாக இருந்தால் அந்த இடத்தில் விழுந்து கும்பிட்டிருப்பேன். உள்ளேயிருந்து வந்தவர் முதுகு வளைந்து, கைத்தடியோடு இருந்தார். பல் செட் கட்டியிருந்தார். இனி விசில் வராது என்று ஒரு சின்ன நிம்மதி.

"நான் உங்களுக்குக் கீழ் வீட்ல இருந்தவன். கப்பல்ல வேல பாத்தேன். இப்பப் பழைய தொடர்ல வர்ற சாமானத் தேடற குழுவுல இருக்கேன்" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அட! நீங்க வெடியோட வீட்டுக்காரரா?"

"எந்த வெடி?"

"உங்க வீட்டம்மாதான் சார்! எப்படி இருக்காங்க? இன்னும் அப்படியேதான் சிரிக்கிறாங்களா?"

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. என் மனைவிக்கு நான் செல்லப்பெயர் எதுவும் வைத்ததில்லை. "இந்தாம்மா" என்பேன், அதிகம் போனால். இந்த ஆள் வைத்திருக்கிறான், அதையும் கட்டின புருஷனிடமே சொல்கிறான்.

"அவ பேரு வெடி இல்ல" என்றேன்.

"நான் மட்டுமா சார் கூப்பிட்டேன்? ஸ்டுடியோவே அப்படித்தான் கூப்பிடும். லைட்டு போடற பையன்ல இருந்து டைரக்டர் வரைக்கும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். "சாமான் எல்லாம் குடுத்தாங்க, வாடக வேணாம்னுட்டாங்க. சரி, ஷூட்டிங்காவது பாக்கட்டும்னு ஒரு பாஸ் குடுத்தேன். அப்பெல்லாம் எதிர்ல ஜனங்கள உக்கார வெச்சுத்தானே எடுப்பாங்க? முதல் ஜோக்குக்கு உங்க வீட்டம்மா சிரிச்சாங்க பாருங்க, சவுண்டு பாக்கறவரு ஹெட்போனக் கழட்டிட்டு எழுந்து நின்னுட்டாரு. அவங்க ஆரம்பிச்சா கூட்டமே பின்னாடியே சிரிக்கும். டைரக்டர் அப்புறம் விடவே இல்ல. முன்வரிசைல நடு நாற்காலி, தலைக்கு மேல தனியா ஒரு மைக்கு. வெடி வந்தாச்சான்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாரு."

"வாராவாரமா?"

"தொடர் முடியற வரைக்கும். நடுவுல சில வாரம் வர மாட்டாங்க. வீட்டுக்காரரு லீவுல வந்திருக்காருன்னு சொல்லி அனுப்புவாங்க. அந்த வாரமெல்லாம் எங்க பாடு திண்டாட்டம் சார். அவங்க பழைய சிரிப்ப வெட்டி ஒட்டி ஓட்டுவோம். அந்தச் சிரிப்ப வேற தொடருக்கெல்லாம் இரவல் வாங்கிட்டுப் போனாங்க." கைத்தடியால் அலமாரிகளைச் சுற்றிக் காட்டினார். "இந்தக் கிடங்குல இருக்கற எந்தச் சாமானும் அவ்ளோ தொடர்ல வந்ததில்ல. ஏன், நீங்கதான் இந்தப் பழைய தொடரெல்லாம் தேடித்தேடிப் பாக்கறவங்களாச்சே. கேக்கலையா?"

"நாங்க சத்தத்த அடைச்சுட்டுத்தான் பாப்போம்."

அவர் கைத்தடியை இறக்கினார். "சிரிப்புத் தொடரையா?" என்றார்.

விளக்கைப் பற்றிக் கேட்கப் போனவன் கேட்காமலே திரும்பினேன். வாசல்வரை வந்து, வெடியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். மனைவி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் டீவியைப் போட்டு, ரிமோட்டில் சத்தத்தைத் திறந்தேன். சுருட்டைமுடிக்காரன் என்னவோ சொன்னான். மனைவியைப் பற்றி ஓர் அர்த்தமும் இல்லாத ஒரு அசட்டு ஜோக். அது முடிவதற்குள் ஒரு சிரிப்பு வெடித்தது. மாடிப்படியில் யாரோ எவர்சில்வர் பாத்திரங்களை உருட்டிவிட்டதுபோலப் பெரிதாக, வெட்கமில்லாமல், உருண்டு உருண்டு கீழே வந்தது. கடைசியில் மூச்சை உள்ளே இழுத்து ஒரு விக்கல். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

இந்த வீட்டில் என் மனைவி வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். ஒரு 'ம்க்கும்' வரும், அவ்வளவுதான். அடக்கமானவள் என்று கப்பலில் நான் பெருமையடித்திருக்கிறேன்.

வேறு தொடர்களைப் போட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் அந்தச் சிரிப்பு இருந்தது. விண்வெளிக் கப்பலில் இருந்தது. டாக்டரின் டோஸ்டர் தலைகீழாக நின்று பீப் பீப் என்று கத்தியபோது என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த விக்கலோடு, அதே இடத்தில் மூச்சிழுத்து. முன்பின் பார்த்திராத கோமாளிகளுக்கெல்லாம் சிரித்திருக்கிறாள். எவனெவனுக்கோ கிடைத்த ஒன்று எனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மேல் வீட்டுக்காரன் விளக்கை எடுக்கக் கட்டில்வரை வந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்குமா என்று தெரியவில்லை.

மறுபடி முதல் தொடருக்கே வந்தேன். அவள் கையைத் துடைத்தபடி ஹாலுக்கு வந்தாள்.

"என்ன அதிசயம், சத்தம் வெச்சுப் பாக்கறீங்க?" என்றவள், டீவியில் சிரிப்பு உருண்டதும் நின்றுவிட்டாள். மறைப்பாள், மழுப்புவாள் என்று நினைத்தேன். முகம் சின்னப் பெண்ணுடையதுபோல ஆகிவிட்டது. "ஐயோ, நான்!" என்றாள்.

"மேல் வீட்டுக்காரரப் பாத்துட்டு வந்தேன். வெடிய விசாரிச்சாரு."

"நல்லா இருக்காரா? பாவம், நல்ல மனுஷன்." என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். "நம்ம ரூம்ல கட்டில் பக்கத்துல இருந்த விளக்கும் அந்தத் தொடர்ல வருது. அத எடுக்க அவரு ரூமுக்குள்ள வந்தாரா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன கேட்கிறேன் என்பது அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது எப்பங்க ரூம்ல இருந்துச்சு? ஹால்ல தையல் மெஷின் மேலதான் இருக்கும். நீங்க வர்றதா கடுதாசி வந்தாத்தான் அது ரூமுக்குப் போகும். நீங்க படுத்துக்கிட்டே படிப்பீங்களே. நீங்க கெளம்பினதும் மறுபடி ஹாலுக்கு வந்துரும்."

"எனக்குத் தெரியாதே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? விளக்கு மட்டுமா? மேஜை, நாற்காலி எல்லாமே அப்படித்தான். நீங்க வர்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் தோதா வீட்ட மாத்தி அடுக்கி வெப்பேன்."

ஊரார் போட்ட செட்டில் ஒவ்வொரு சாமானும் எங்கே நின்றது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். என் வீட்டில் எனக்காக ஒருத்தி செட் போட்டதும் கலைத்ததும் எனக்குத் தெரியவில்லை. அதில் என்னைத்தான் முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறாள்.

"அப்ப சிரிப்பையும் எடுத்து உள்ள வெச்சுட்டியா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள், அதுதான் சங்கடம். "வேணும்னு இல்லங்க. ஒரு மாசத்துக்கு வருவீங்க, விருந்தாளி மாதிரி. உங்க முன்னாடி வாயத் தொறந்து 'ஹோ'ன்னு சிரிக்கக் கூச்சமா இருக்கும். அப்புறம் அதுவே பழகிப் போச்சு."

"நான் இல்லாதப்ப சந்தோஷமா இருந்தியா?"

"இருந்தேன்" என்றாள். உடனே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்தப்பவும் சந்தோஷமாத்தான் இருந்தேன். அது வேற மாதிரி" என்றாள்.

அந்த வேற மாதிரி எனக்கு வேண்டாம். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். வேலையைவிட்டு வந்து இவ்வளவு காலமாகிறது, நான் இனி விருந்தாளி இல்லை. சிரிக்க வைக்கிற கதை என்னிடமும் இருக்கிறது. எங்கள் கப்பல் சமையல்காரன் கேப்டனின் பொய்முடியை அடுப்படியில் எலி என்று நினைத்துத் துரத்தியதைச் சொன்னால் எஞ்சின் அறையே உருண்டு புரளும். தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"எங்க கப்பல்ல ஒரு சமையல்காரன் இருந்தான்..."

"சும்மா இருங்க, இப்ப வரும்" என்றாள். கண் டீவியில் இருந்தது. ஜோக் வருவதற்கு முன்பே உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். சுருட்டைமுடிக்காரன் அவரைப் பார்த்து ஏதோ சொன்னான். டீவிக்குள் அவள் சிரித்தாள், என் பக்கத்திலும் அவள் சிரித்தாள். கையால் வாயை மூடவில்லை. இரண்டு சிரிப்பும் ஒன்றாக உருண்டு வந்து, ஒரே இடத்தில் விக்கின. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அது என் வீட்டில், என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் சிரிப்பு அடங்காமல், என் தோளில் கை வைத்து மெதுவாகத் தள்ளினாள்.

"கொஞ்சம் நகந்துக்கோங்க. மறைக்குது."

நகர்ந்து உட்கார்ந்தேன்.